மட்டிக்குலை அந்தத் தகப்பனுக்கு

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் கை வியர்த்துவிடுகிறது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன சந்தைக்கு வண்டி ஓட்டிப் போனபோது அருமனையில் சினிமா நோட்டீஸ் கொடுத்தார்கள். ரோஸ் நிறத் தாள், மை வாசனைகூடப் போகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, எழுத்து எழுத்தாகக் கூட்டி நானே வாசித்தேன்! நாம் சண்டை போட்ட அதே படம் கொட்டகைக்குத் திரும்ப வந்திருக்கிறது.

டில்லி சர்க்கார் இப்போது நல்ல படங்களுக்குப் பதக்கம் கொடுக்கிறதாம். படத்துக்குத்தானாம், நடிகனுக்கு இல்லையாம். முகத்தைப் பார்க்கத்தானே நாம் கொட்டகை மணலில் உட்கார்ந்திருந்தோம்? அந்த வகையில் நம் பரிசுதான் மேல். வருஷத்துக்கு ஒருமுறை சாயாக்கடையில் நடிகர் படத்தை ஒட்டி, முன்னால் ஒரு மட்டி வாழைப்பழக் குலை கட்டுவோம். நாம் இருவரும் ஒத்துப்போனால்தான் குலை தொங்கும்.

எனக்கு எப்போதும் வாள்சண்டைக்காரர்தான். அவர் குதிரையில் வந்தால் திரை கிழிந்துவிடும்போல இருக்கும். இந்தப் படம் முதலில் வந்த வருஷம் நீ வேறு ஆளைச் சொன்னாய்.

"இந்தத் தடவை குலை அந்தத் தகப்பனுக்குத்தான், மக்கா."

ஒரே காட்சியில் வருகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் இறந்த செய்தி வரும். கையிலிருந்த சோற்று உருண்டையை மெதுவாகத் திரும்ப இலையில் வைப்பார். அவ்வளவுதான்.

"ஏலே, அவன் ஒரு வாள் பிடிச்சானா? ஒரு பாட்டு படிச்சானா? எங்க வீட்டுப் பூனையும் நல்லாத் திங்கும். அதுக்கும் ஒரு குலை கெட்டுவோமா?" என்றேன். கடையே சிரித்தது. உன் மகன் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அது என் நினைவில் வரவில்லை.

"சரி, உன் ஆளுக்கே கெட்டு" என்றாய். அந்தக் குலையில் நீ ஒரு பழம்கூட எடுக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில்தான் உன் வீட்டுக்காரி சொன்னாள்: "அண்ணாச்சி, மகன் போன சேதி வந்தப்போ இவரு சோத்துக்கு முன்னால இருந்தாரு. கையில எடுத்ததை அப்படியே இலையில வச்சாரு."

இந்த வாரம் இரண்டு முறை படம் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் என்னால் நிமிர்ந்திருக்க முடியவில்லை. நீ சொன்னதுதான் சரி. இதை நீ இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

குலையை அவருக்கே கட்டப்போகிறேன். நோட்டீஸில் அவர் படம் இல்லை, பேராவது எழுதி ஒட்ட வேண்டும். கொட்டகைக்காரனைக் கேட்டால், "அது யாருன்னு எனக்கெப்படித் தெரியும், பாட்டா?" என்கிறான். படம் தொடங்கும்போது திரையில் வரும் பேர்களை நீ உரக்கப் படிப்பாய். "வாய மூடுடே, பேரு கேக்கவா வந்தோம்?" என்று நான்தான் அடக்கினேன். இப்போது அந்தத் தகப்பன் வேஷத்தின் பேரை நான் கூட்டி முடிப்பதற்குள், எதிரே இருக்கும் நடிகர் பேர் மறைந்துவிடுகிறது. நேற்று முதல் எழுத்து மட்டும் கிடைத்தது: 'வே'.

வெள்ளிக்கிழமை வரை படம் ஓடும். தினமும் முன்வரிசையில் இருப்பேன். குலையை வெட்டி வைத்துவிட்டேன், பழுக்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தாளின் பின்பக்கத்தை எழுதாமல் விடுகிறேன். அடுத்த வாரம் அங்கே அவர் பேரை முழுசாக எழுதுவேன்.