செசீலியா வெட்டிய வரிகள்

அன்புள்ள அக்கா,

இன்று பின்னேரம் ஹந்தானை மலைப் பக்கமிருந்து வந்த மழையில் இரண்டாம் வருடப் பிள்ளைகளின் கட்டுரைக் கட்டு நனைந்துவிட்டது. குடைக்குள் வைத்துத்தான் கொண்டு வந்தார்கள். கண்டி மழைக்குக் குடை எந்த மூலைக்கு? ஆசிரியர் அறையில் இருந்த கதிரைகளின் முதுகிலெல்லாம் தாள்களை விரித்துப் போட்டேன். ஈரத் தாளும் மையும் கலந்து ஒரு மணம் எழுந்தது. அந்த மணத்தோடு நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

கன்னியர் நடத்தும் இந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் புசல்லாவைத் தோட்டத்துக் கிளார்க்கின் மகள். உங்களைவிட வயதில் இளையவள். ஆளுக்கு ஒரு மேசை கொடுக்க இடமில்லை என்று கல்லூரித் தலைவியான மதர் நம் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். அன்று தொடங்கி நீங்கள் கட்டுரை திருத்துவதை எதிரிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிள்ளைகள் உங்களுக்கு நடுங்கினார்கள். எல்லாக் கட்டுரைகளும் கீழ்வானில் கதிரவன் உதிப்பதில் தொடங்கின. தபால் கந்தோரைப் பற்றி எழுதச் சொன்னாலும் முதலில் கதிரவன் உதித்துவிட்டுத்தான் தபால்காரர் வருவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தீர்கள். ஒரு நாள் வகுப்புக்குப் போய், "உந்தச் சூரியனை ஒரு மாசத்துக்கு உதிக்க விடாதேங்கோ, பிள்ளையள்" என்றீர்கள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிள்ளைகள் குனிந்துகொண்டார்களாம். அடுத்த மாதம் வந்த கட்டுரைகளில் சந்திரன் இருந்தது.

நீங்கள் 'நன்று' என்றோ 'போதாது' என்றோ எழுதி விட்டுவிடுவதில்லை. கடைசிப் பக்கத்தின் கீழே, எழுதியவளோடு பேசுவது போல இரண்டு மூன்று வரி எழுதுவீர்கள். 'இந்த இடத்தில் உன் தாய் என்ன சொன்னா?' என்று ஒன்றில் எழுதியிருந்தது நினைவிருக்கிறது. புள்ளி போடுவது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பிள்ளைகளில் செசீலியா ஹேவாஹெட்டைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. முதல் வருடம் அவளுடைய தாள் முழுவதும் உங்கள் சிவப்பு மைதான். லகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடக்கும், வாக்கியம் பாதியில் நிற்கும். ஆனாலும் நீங்கள் அவளுக்கு எழுதிய வரிகள் மற்றவர்களுக்கு எழுதியதைவிட நீளமாக இருந்தன. அதை நான் கவனித்திருக்கிறேன்.

கடைசித் தவணைக்கு, 'நான் கற்பிக்கப் போகும் பள்ளிக்கூடம்' என்று எழுதச் சொன்னீர்கள். செசீலியா தன் தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினாள். தகரக் கூரை. மழை பெய்தால் வாத்தியாரின் குரல் முன்வரிசைக்கே கேட்காது. அப்போது அவர் கையாலும் முகத்தாலும் கதை சொல்வார். பிள்ளைகளும் கையாலேயே பதில் சொல்வார்கள். மழை விட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசத் தொடங்குவார்கள். இதைத்தான் எழுதியிருந்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

நீங்கள் இரண்டு தரம் வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினீர்கள். "இது அவளின்ரை எழுத்தில்லை. ஆரோ எழுதிக் குடுத்திருக்கினம்."

நான் வாசித்தேன். அவளுடையது என்றே எனக்குப் பட்டது. அப்படிப்பட்ட தகரக் கூரையின் கீழ் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பட்டதை எப்படி நிரூபிப்பது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு, "நீர் உங்கட பக்கத்துப் பிள்ளை எண்டு பாக்கிறீர்" என்றீர்கள்.

அது எனக்குச் சுட்டது, அக்கா. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஒரே மேசையில் இருந்தும் பேசாமல் இருந்தோம். இரவல் எழுத்து என்று உறுதியானால் சான்றிதழ் கிடையாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது கல்லூரி விதி. அந்தப் பெண் தோட்டத்துக்குத் திரும்பிப் போய் என்ன செய்வாள் என்று உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் மதரிடம் சொன்னீர்கள். நியாயம் என்று பட்டதைச் செய்யாமல் விட உங்களால் முடியாது.

வகுப்புகள் முடிந்த பிறகு செசீலியாவை அழைத்தார்கள். மதர் வெள்ளைக்காரர், தமிழ் பேசுவார், வாசிக்க வராது. முடிவு உங்கள் வாயில்தான் இருந்தது. செசீலியா சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான்தாங்க டீச்சர் எழுதுனேன்" என்றாள்.

புதிதாக ஒரு தலைப்புக் கொடுத்து, தனி அறையில் பூட்டி எழுத வைக்கலாம் என்றார் மதர். அவள் பக்கம் நின்ற எனக்கே அது சரியாகத்தான் பட்டது. நீங்கள்தான் மறுத்தீர்கள். பூட்டிய அறைக்குள் பயந்து எழுதுகிற எழுத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, 'என்னைப் பூட்டினாலும் நானும் அப்படித்தான் எழுதுவேன்' என்று மதரிடம் சொன்னீர்கள். பிறகு ஒரு கதிரையை இழுத்து உங்கள் பக்கத்தில் போட்டு, அவளை உட்காரச் சொன்னீர்கள். மாணவிகள் அந்த அறையில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

கட்டுரையை அவள் முன்னால் வைத்துக் கேட்டீர்கள்: "பிள்ளை, இதிலை முதல் எழுதிப்போட்டுப் பிறகு வெட்டினது என்ன?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தாளைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினாள். தொடக்கத்தில் தேயிலை மலையில் சூரியன் உதித்ததாம். உங்களுக்குப் பிடிக்காது என்று எடுத்துவிட்டாள். மழை வந்ததும் பாடம் நின்றது என்று எழுதியிருந்தாள். யோசித்துப் பார்த்தால் நின்றது பேச்சு மட்டும்தான், பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது, அதனால் மாற்றினாள். எழுத்துப் பிழை தெரியாததால் பக்கத்துக் கட்டில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் லகர ளகரம் மட்டும் கேட்டுத் திருத்திக்கொண்டாள். அது தப்பா என்று உங்களைத் திருப்பிக் கேட்டாள். நீங்கள் இல்லையென்று தலையசைத்தீர்கள்.

"வேற?"

கட்டுரைத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "பாக்டரி மிசின்ல அப்பாவுக்கு ரெண்டு வெரலு போயிருச்சுங்க. அதுக்கப்புறம்தான் என்னையப் படிக்க அனுப்புனாரு. அத ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வெட்டிட்டேங்க."

"ஏன்?"

"அத வச்சா எம்மேல பாவப்பட்டுப் புள்ளி போடுவீங்கன்னு நெனச்சேன், டீச்சர்."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மதரைப் பார்த்து, இது இவளுடைய எழுத்துத்தான், பிழை என்னுடையது என்றீர்கள். எழுதியவளுக்குத்தான் வெட்டியது தெரியும், இரவல் வாங்கியவளுக்கு மிஞ்சியது மட்டும்தான் தெரியும் என்றும் சொன்னீர்கள்.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் விடுதி முழுக்க அதற்குள் பேச்சுப் பரவியிருந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் காலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். நான் வாசலில் நின்று கேட்டேன். "செசீலியாவின்ரை கட்டுரையை நான் சந்தேகப்பட்டனான். அது அவளின்ரைதான். ரெண்டு வருசமா அவளின்ரை எழுத்து வளந்துகொண்டு வந்தது. திருத்தின எனக்குத்தான் அது தெரியேல்லை." சொல்லிவிட்டுக் கட்டுரையை உங்கள் யாழ்ப்பாணத்துக் குரலில் உரக்க வாசித்தீர்கள். பிள்ளைகள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். செசீலியா மட்டும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காது சிவந்திருந்தது.

அதற்காக முழுப் புள்ளியும் கொடுத்துவிடவில்லை நீங்கள். முடிவு அவசரத்தில் எழுதியது என்று கீழே எழுதிப் புள்ளியைக் குறைத்தீர்கள். அவளும் விடவில்லை. மத்தியானம் வந்து, முடிவு ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று உங்களோடு வாதாடினாள். முந்திய நாள் நின்ற அதே அறையில், நீங்கள் சொல்லாமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாதாடினாள். நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவள்தான் முடிவை மாற்றி எழுதி வந்தாள். அதுவும் உங்களை வெல்லத்தான் என்று நினைக்கிறேன்.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போது என்னிடம் சொன்னீர்கள்: "நீர் சொல்லேக்கை நான் கேட்டிருக்க வேணும்." நான் சீனிப் போத்தலை உங்கள் பக்கம் நகர்த்தினேன். அதற்குப் பிறகு உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தாள்களை நான் முதலில் வாசித்தேன், எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகளின் தாள்களை நீங்கள் முதலில் வாசித்தீர்கள். யார் கேட்டும் அப்படி ஓர் ஒழுங்கை நாம் வைத்துக்கொள்ளவில்லை. தானாக வந்தது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனீர்கள். காய்ச்சல் என்று கடிதம் வந்தது. அடுத்து, நீங்கள் இல்லை என்று தந்தி வந்தது. மேசையின் உங்கள் பக்கத்தில் மதர் வேறு யாரையாவது உட்கார வைக்க நினைத்து என்னைக் கேட்டார். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். இப்போது ஒரு புதிய ஆசிரியை இருக்கிறார். நல்ல பிள்ளை.

போன மாதம் ஹேவாஹெட்டைக்குப் போய்வந்தேன். செசீலியா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள். வெயில் நாள், தோட்டத்துப் பிள்ளைகள் சிலேட்டில் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி, தங்கள் வீட்டு ஆடு காணாமல் போனதை எழுதியிருந்தாள். செசீலியா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஆடு திரும்பி வந்துச்சா?" என்று கேட்டாள். எழுத்துப் பிழையைப் பிறகு காட்டினாள். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் பார்த்தேன்.

எனக்கும் உங்களைப் போல் தைரியம் வந்ததா என்று கேட்டால், பாதி வந்திருக்கிறது. போன கிழமை ஒரு பிள்ளையின் கட்டுரைக்கு நான் பொருளைத் தவறாக எடுத்துக்கொண்டு பதில் எழுதிவிட்டேன். அவள் அமைதியான பெண், கம்பளையிலிருந்து வருகிறவள், கேட்க மாட்டாள். நேற்று வகுப்பில் எழுந்து நின்று, நான்தான் பிழையாக வாசித்தேன் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. நீங்கள் எப்படி நடுங்காமல் சொன்னீர்கள் என்று யோசித்தேன். ஒருவேளை நீங்களும் நடுங்கியிருக்கலாம். வாசலில் நின்ற எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

வகுப்பு விட்டதும் அந்தப் பெண் வந்தாள். யாரும் எழுதச் சொல்லாத ஒன்றை, நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். "இதையும் பாக்கிறீங்களா, டீச்சர்?" என்றாள்.

இதோ, அதைப் பிரிக்கப் போகிறேன், அக்கா.