வடக்குச் சுவர்

மே 9, வெள்ளி

சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த நோட்டில் பாதிக்குமேல் வெள்ளைத்தாள். வீணாக்குவானேன்? ஜோஹன்னஸ்பர்க் பக்கம் முப்பத்தொரு வருஷம் பூமிக்கடியில் பம்புக்குக் காவல் இருந்து, ஷிப்டுக்கு ஷிப்டு நீர்மட்டம் எழுதிய கை. ஓய்வு பெற்று ஐந்து வாரமாகியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இன்று வாசல் தாழ்வாரம் முடிந்தது. ஒன்பதடி அகலம், புதுத் தகரம். சாரல் அடிக்காதபடி முன்பக்கம் நன்றாகத் தாழ்த்தி இறக்கியிருக்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் மனைவி மாபுலானே இந்த வாசலில்தான் வெயிலில் நின்று பீன்ஸ் உடைப்பாள். “வேலைய விட்டு வந்ததும் உனக்கு ஒரு நிழல் போட்டுத் தரேன்” என்று ஒவ்வொரு டிசம்பரும் சொல்வேன். சொன்னதைச் செய்துவிட்டேன்.

தாழ்வாரத்துக்கு உள்ளே, வாசல் பக்கத்து வடக்குச் சுவரில் நான்கு இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறை. எப்படி வந்ததோ. தேய்த்துக் கழுவி, இரண்டு கோட் மஞ்சள் பெயிண்ட்.

“அழகா இருக்கு, ந்தாதே” என்றாள், ஐயா என்று மரியாதையாக.

மே 16

முதல் உறைபனி. வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. கட்டிலைச் சமையலறைக்கு இழுக்கச் சொன்னாள். எதற்கு என்றேன். “குளிர்காலத்துல அடுப்புப் பக்கத்துலதானே படுப்பேன், எப்பவும்.”

எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான மறுமாதமே சுரங்கத்துக்குப் போனவன். வருஷத்துக்கு மூன்று வாரம், அதுவும் கிறிஸ்துமஸுக்கு, நல்ல கோடையில். எங்கள் லெசோதோ மலைநாட்டில் என் வயது ஆண்கள் பாதிப் பேர் இப்படித்தான். என் வீட்டை நான் குளிர்காலத்தில் பார்த்ததே இல்லை.

மே 20

காலை ஒன்பது மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பின்னலையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாதூசோவிடம் போனாள். நான்கு மணிக்குத்தான் வந்தாள்.

மே 21

அதே.

மே 22

அதே. களியும் கீரையும் மூடி வைத்துவிட்டுப் போகிறாள். தாழ்வாரத்தில் நான் மட்டும். பல் தந்தியடிக்கிறது.

மே 27

அடுப்பில் நான் வறட்டி அடுக்கினால் பிரித்து மறுபடி அடுக்குகிறாள். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன். “கிரீச்சுனு சத்தம் வந்தாத்தானே ஆடு உள்ள வர்றது தெரியும்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விருந்தாளியிடம் சொல்வது போல.

மூன்று வாரம் என்றால் யாரையும் பொறுத்துக்கொள்ளலாம். இனி வருஷம் முழுக்க நான் — என்னடா பண்ணிட்டேன் நான்? வேண்டாதவனாப் போயிட்டேனா? பட்டப்பகலில் உட்கார்ந்து அழுதேன். ஆடுதான் பார்த்தது.

ஜூன் 2

எலும்பைக் குத்தும் தென்காற்று. மலை உச்சியில் பனி. சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதையே சாக்காக வைத்துக்கொண்டு மாதூசோ வீட்டுக்குப் போனேன்.

ஆட்டுப்பட்டியை ஒட்டி, ஒரு கட்டிலகலத்துக்குத்தான் வெயில். அதில் நான்கு பெண்கள் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். இல்லை, மூன்று பேர். மாபுலானே நின்றுகொண்டு யாரையோ நடித்துக் காட்டினாள். எண்ணெய் டப்பாவும் கையுமாக ஒருவன் கதவில் காது வைத்துக் கேட்கிறான். நான்தான். இவளுக்கு இப்படியெல்லாம் நடிக்க வரும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. என்னைக் கண்டதும் எல்லாரும் கம்பளியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“இந்த ஆட்டு நாத்தத்துல எதுக்கு உக்காந்திருக்கீங்க? நம்ம வீட்ல அவ்வளவு பெரிய தாழ்வாரம் சும்மாக் கெடக்கே.”

மாதூசோவுக்கு வாய் நிற்காது. “அந்தச் சுவத்துலதான் முப்பது குளிர்காலமா சாஞ்சு உக்காந்தோம், ந்தாதே. வெயிலத்தான் நீங்க தகரம் போட்டு மூடிட்டீங்களே. முதுகு தேஞ்ச எடத்தையும் விடல, பெயிண்ட் அடிச்சிட்டீங்க. நல்லவேளை, நாங்க அங்க இல்ல. எங்க மேலயும் அடிச்சிருப்பீங்க.”

மாபுலானே அவளை முழங்கையால் இடித்தாள்.

திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தேன். டிசம்பரில் உச்சந்தலையில் நிற்கும் சூரியன், வடக்கு மலைக்கு மேலே தாழ்ந்து கிடக்கிறது. முற்றம் முழுக்க வெயில். என் தகரத்துக்குக் கீழே மட்டும் நிழல். பூமிக்கடியில் இருந்தவனுக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

சாயங்காலம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

“நிழல் போட்டுத் தரேன், நிழல் போட்டுத் தரேன்னு முப்பத்தோரு வருஷமா சொன்ன மனுஷன். வந்ததும் வராததுமா போட்டுக் குடுத்தீங்க. அதைப் போயி வேணாங்கறதா? ஒரு குளிர்காலம் ஆட்டோட உக்காந்தா தேஞ்சா போயிருவேன்? நீங்க வீட்ல இருக்கறதே எனக்கு...”

அடுப்பைக் கிளறப் போய்விட்டாள்.

நான் முட்டாள் என்று தெரிந்த நாளில் இத்தனை சந்தோஷமா? ஆமாம். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11

தகரம் பதினாறையும் இறக்கினேன். ஒவ்வொரு ஆணியையும் என்னமாய் அடித்திருக்கிறேன், படுபாவி. மாதூசோ ஏணியைப் பிடிக்கிறேன் என்று வந்து உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தாள். “டிசம்பருக்குத் திருப்பிப் போடணும், வளையாம அடுக்குங்க” என்றாள் மாபுலானே.

ஜூன் 12

ஒன்பது மணிக்கு நான்கு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரிடமும் இடம் கேட்கவில்லை. நான் உள்ளே நழுவப் பார்த்தேன்.

“ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?” என்றாள் மாதூசோ.

“நூல் சுத்தறப்போ புடிக்க ரெண்டு கை வேணும். உக்காரட்டும்” என்று மாபுலானே நகர்ந்து இடம் விட்டாள்.

மதியம்வரை கையில் நூலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரில் முப்பது வருஷமாக நடந்தது எல்லாம் காதில் விழுந்தது. என்னையும் மறுபடி நடித்துக் காட்டினாள், என் கண் முன்னாலேயே. இந்த முறை சிரிப்பு தாங்காமல் நூலைச் சிக்காக்கிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

விடியும்வரை பனி கொட்டியது. பிறகு நல்ல வெயில். சுவரடியில் பனியைத் தள்ளிவிட்டு ஒன்பதுக்கெல்லாம் உட்கார்ந்துவிட்டோம்.

அவர்கள் போன பிறகு பார்த்தேன். மஞ்சள் பெயிண்டில் மறுபடியும் பிசுக்குக் கறை. ஐந்து. மாபுலானேயின் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம்.

கழுவவில்லை.