கடதாசியில் வாங்கிய வீடுகள்

12 ஜூன் 2025
கட்டாரில் உழைத்த காசு வங்கியில் சும்மா கிடக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வாங்கித் திருத்தி விற்கலாம் என்றால் அகிலன் விடமாட்டேன் என்கிறான். டெக்னிக்கல் கல்லூரியில் என்னோடு படித்தவன், இப்போது அடம்பனில் வீடு கட்டிக் கொடுக்கிறான்.

"மச்சான், முதல் கடதாசியில வாங்கு. கடதாசியில நட்டப்படு. பிறகு காசைத் தொடு."

கடன் கட்ட முடியாமல் வங்கி ஏலத்துக்கு வரும் வீடுகளை விளம்பரம் பார்த்துத் தேட வேண்டும். நேரில் போய்ப் பார்த்து, திருத்தச் செலவு, வாடகை, திரும்ப விற்றால் வருவது எல்லாம் எக்செலில் போட வேண்டும். இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று ஒரு விலை எழுதி, ஏலத்தில் போன விலையோடு ஒப்பிட வேண்டும். வாங்கக்கூடாது.

நான்கு வருடம் ஊரான் கட்டிடங்களுக்கு அளவையும் செலவும் போட்ட எனக்கு ஒத்திகையாம்! சரி, செய்வோம்.

20 ஜூன்
முதல் வீடு, பேசாலை றோட். நல்ல இலாபம் என்று எழுதினேன். அகிலன் வந்து கொங்கிறீற் தூணைச் சுத்தியலால் தட்டினான். ஒரு துண்டு கழன்று விழுந்தது. உள்ளே கம்பி முழுக்கத் துரு. கடற்காற்றைக் கணக்கில் எடுக்க மறந்திருக்கிறேன். டோஹாவில் கடல் இல்லையா என்ன? மடையன்.

நல்ல வேளை, கடதாசி.

29 ஜூன்
இன்று பார்த்த வீட்டில் புதுத் திரைச்சீலை, புதுப் பெயின்ற். வட்டிலப்பம் வேறு. "மகனுக்கு இனிப்புப் பிடிக்குமோ?" என்று என்னைக் கேட்டார் வீட்டுக்கார அம்மா. மோட்டார்சைக்கிள் திறப்பால் சுவரைச் சுரண்டினேன். பெயின்றுக்குக் கீழே உப்புப் பூத்திருக்கிறது. ஏலத்துக்குப் போகிற வீட்டுக்கு யார் பெயின்ற் அடிப்பார்கள்? போன கிழமை பார்த்த வீட்டிலும் இப்படித்தான். ஒன்றும் விளங்கவில்லை.

1 ஜூலை
விளங்கிவிட்டது. உம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"கலியாணம் முடிக்காத பொடியன் டேப்போட வீடு வீடாப் போறாய். எத்தனை அறை, கிணத்துத் தண்ணி நல்லதோ சவரோ, காணி உறுதி யாருட பேரில எண்டு கேக்கிறாய். பஸ்லான் சீதன வீடு பாக்கிறான் எண்டு ஊரெல்லாம் கதை!"

அதுதான் வட்டிலப்பம். என் கணக்கெல்லாம் பிழை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுகிற மாதிரி எனக்கு வீடு காட்டியிருக்கிறார்கள். இந்தத் தரவை வைத்து என்ன செய்வது? அகிலனிடம் சொன்னேன். பாவி, சிரித்து முடிக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை.

9 ஜூலை
தாராபுரம். ஹாட்வெயார் கடை வைத்திருந்த பைசர் மாமாவின் வீடு. கடைக்கு எடுத்த கடனில் வீடு அகப்பட்டுவிட்டது. ஏலம் ஓகஸ்ட் நடுவில். கதவைத் திறந்தது மகள் முஸ்பிரா. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாராம்.

"வீட்டையோ பாக்க வந்தனீங்கள், என்னையோ?"

"வீட்டை."

"நல்லம். அப்ப பொய் சொல்லத் தேவையில்லை."

ஒழுகும் கூரை, வெடித்த சுவர், உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் எல்லாம் அவரே காட்டினார். நான் கவனிக்காத ஒரு வெடிப்பையும் விரலால் தொட்டுக் காட்டினார். போகும்போது மட்டும் சொன்னார்: "இது வாப்பா எனக்கெண்டு கட்டினது."

11 ஜூலை
இதுவரை பார்த்ததில் இதுதான் மிக நல்ல டீல். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் இலாபம். அகிலனே சொல்லிவிட்டான்: "கடதாசி காணும் மச்சான். இதுக்கு உண்மையான காசோட போ."

15 ஜூலை
மறுபடி அளக்கப் போனேன். அளக்க ஒன்றும் மிச்சமில்லை. தெரிந்துதான் போனேன்.

"என்ன விலை போட்டிருக்கிறீங்கள்?" என்று முஸ்பிரா கேட்டார். சொன்னேன்.

"நாங்கள் மூண்டு பேரும் பிறகு எங்க போறது? அந்தச் செலவு உங்கட எக்செலில எந்தப் பெட்டியில கிடக்கு?"

"அது வாங்கிறவன்ட செலவில்லை" என்றேன்.

"ஓம். இல்லைத்தான்." உள்ளே போய்விட்டார்.

என் வாய்! சொன்னது சரிதான். சரியானதையெல்லாம் சொல்லவேண்டுமா?

18 ஜூலை
அவர்கள் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏலத்துக்கு முன் நிலுவைத் தவணைகளைக் கட்டினால் வங்கி ஏலத்தை நிறுத்தும். மிச்சத்தைப் பைசர் மாமா மகளின் சம்பளத்தோடு மாதாமாதம் சமாளிப்பார். நிலுவைக்கு என்னிடம் காசு போதும். மாமாவிடம் போய்த் தருகிறேன் என்றேன்.

"மகன், கோவிக்காதீங்கோ. பிற ஆம்பிளையிட்டக் காசு வாங்கிக் குமர்ப்பிள்ளையிட வீட்டை மீட்டா ஊர் என்ன கதைக்கும்? வேண்டாம்."

வட்டியில்லாக் கடன் என்றாலும் வேண்டாமாம். எழும்பிப் போய்விட்டார்.

20 ஜூலை
அகிலன்: "நீ வாங்காட்டி வேற ஒருத்தன் வாங்குவான்." உண்மை. அதுதான் எரிச்சல்.

24 ஜூலை
உம்மாவிடம் கேட்டேவிட்டேன். "பைசர் மாமாட மகளைக் கேளுங்கோ."

"மகன், அந்த வீடு ஏலத்தில போகப் போகுதெல்லா?"

"வீட்டையில்லை உம்மா. பிள்ளையை."

உம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

27 ஜூலை
அவர்கள் வீட்டில், இரண்டு உம்மாமாரும் பக்கத்தில் இருக்க, முஸ்பிரா நேராகவே கேட்டார்.

"இரக்கப்பட்டோ கேட்டனீங்கள்?"

"இல்லை. இந்த ஊரில எனக்கு வீட்டைப் பொய்யில்லாமக் காட்டினது நீங்கள் மட்டும்தான்."

அவருடைய உம்மா இருமினார். என் உம்மா என்னை முறைத்தார். முஸ்பிரா முகத்தில் மட்டும் சிரிப்பு.

"மஹர் நான் கேக்கிறதத் தருவீங்களோ?"

சீதனம் இல்லை, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. தொகையைச் சொன்னார். நிலுவைத் தவணையேதான்; சதம் கூடக் குறையவுமில்லை, கூடவுமில்லை.

"மஹர் எண்டா அது என்ட காசு. நான் அதை என்னவும் செய்வன், வாப்பாவும் கேக்கேலாது, நீங்களும் கேக்கேலாது. வீடு என்ட பேருக்குத்தான் வரும். சம்மதமோ?"

இந்த வருடத்தில் முதல் தடவையாக நான் கணக்குப் போடாமல் ஓம் என்றேன்.

8 ஓகஸ்ட்
நிக்காஹ் முடிந்தது. அகிலன் முதல் பந்தியிலும் இருந்தான், இரண்டாம் பந்தியிலும் இருந்தான்.

11 ஓகஸ்ட்
முஸ்பிரா வங்கியில் தன் கையாலேயே கட்டினார். ஏலம் நின்றது.

"வீடு வாங்க வந்த மனிசன். இப்ப காசும் போச்சு, வீடும் உங்கட பேரில இல்லை" என்றார், மோட்டார்சைக்கிளின் பின்னாலிருந்து. எனக்குச் சிரிப்பில் ஹாண்டில் ஆடியது.

வீட்டில் பைசர் மாமா தன் கதிரையை இழுத்து எனக்குப் போட்டார். எனக்கு எங்கே இருக்கப் பொறுமை? உளியை எடுத்து வெடித்த சுவரைக் கொத்தத் தொடங்கினேன். சோற்றுச் சட்டிக்குள் தூசு பறக்கிறது என்று குசினியிலிருந்து முஸ்பிராவின் சத்தம் வந்தது.

"சாப்பிட்டுப்போட்டுக் கொத்துங்கோ! வீடு இனி எங்கயும் போகாது."