தகட்டின் ஆறாவது அசைவு

நாள் 212, காலை 06:10
பூமியைச் சுற்றும் கடலோடி விண்வெளி நிலையம். எழுதுவது பிலோமினா, கட்டமைப்புப் பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான். ஆக்சிஜன் இயந்திரம் பழுது. கையிருப்பு பதினான்கு மணி நேரத்துக்கு. மாற்று இயந்திரத்தோடு நான்கு பேர் விண்கப்பலில் வருகிறார்கள். மாலை நான்கு மணிக்கு இணைப்பு.

இணைப்பு வளையத்தைச் சோதித்தேன். போன கப்பல் இணைந்ததில் வளையம் இரண்டு டிகிரி திருகியிருக்கிறது. சுவர்த் தகட்டில் விரிசல். கணக்குப்படி திருகவே கூடாது.

08:40
கோவை கணிப்பு அறைக்குச் சொன்னேன். குப்புராஜ் பதில்: "ஏனுங்க பிலோமி, கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையாத்தானுங்க இருக்குது. சும்மா பதறாதீங்க."

பச்சையாம்! விரிசலில் என் நகம் நுழைகிறது ஐயா.

11:25
கண்டுபிடித்துவிட்டேன். பலத்தைக் கணக்கிட, கணினி சுவரைச் சிறு தகடுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மூலைக்கும் ஆறு அசைவுகள்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. கடைசிச் சுழற்சி, தகட்டில் திருகாணியைத் திருகுவது போன்றது. அதற்கு இந்தக் கணக்கில் எதிர்ப்பே கிடையாது. எதிர்ப்பு பூஜ்யம் என்றால் கணக்கு நின்றுவிடும். அதனால் ஒப்புக்கு ஒரு பொய் எண் போடுவோம், துளியூண்டு.

இங்கே எவனோ மலை மாதிரி போட்டிருக்கிறான். வளையத்தையும் ஒரே புள்ளியில் மாட்டியிருக்கிறான். கணக்கில் திருகலை முழுக்கத் தாங்குவது அந்தப் பொய்தான். எந்த மடையன்?

13:05
குப்புராஜ்: "அந்த நம்பரு நீங்க போட்டதுங்க, ஒம்பது வருசத்துக்கு முந்தி. கோப்புல உங்க பேருதானுங்க இருக்குது. எர்ரர் வருதுன்னு போட்டிருக்கீங்க. நாங்க அதையவே காப்பியடிச்சுட்டு வர்றோமுங்க."

நானேதான். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் போட்டேன். நாளைக்குச் சரிசெய்யலாம் என்று நினைத்து, அப்படியே மறந்தும் போனேன்.

15:50
கப்பல் இணைந்தால் சுவர் கிழியும். கிழிந்த தகடு கப்பலையும் கிழிக்கும். கப்பலைப் பிடிக்கும் வளையக் கொக்கிகளை உள்ளிருந்து பூட்டி, அவற்றைத் திறக்கும் மோட்டாரின் கம்பிகளை வெட்டிவிட்டேன். நிலையத்துக்கு இருப்பது இந்த ஒரே வாசல்.

கப்பல் தலைவர் ஜெய்லானி: "அக்கா, வெளையாடாதீங்க. கொக்கியத் தொறங்க. மிஷின் எங்ககிட்டதானே இருக்கு!"

தெரியும் தம்பி. பயமாக இருக்கிறது. அதைவிட, என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

19:40
தலை கனக்கிறது. கப்பல் திரும்பிவிட்டது. குப்புராஜ் அழுதுகொண்டே பேசினார்: "அந்த நம்பர எடுத்துட்டு ஓட்டுனேனுங்க. கணக்கு நின்னு போச்சுங்க."

நிற்கட்டும். மறுபடி எதையாவது போட்டு ஓட்டித் தொலைக்காதீர்கள். வளையத்துக்கு அடியில் நான்கு விலாத் தகடு வையுங்கள், பிறகு

காப்பி என்றாரே. இதே கோப்பை வைத்து இன்னும் மூன்று நிலையங்கள் கட்டினோம். மூன்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். குப்புராஜ், இன்றைக்கு அங்கே கப்பல் ஏதாவது