நாற்பத்தொன்றாம் டோக்கன்

அக்ரஹாரம், மைசூர்
நவம்பர் 25, செவ்வாய்

அன்புக் கண்ணு ரூபாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம். அவர் முழங்காலையும் என் இடுப்பையும் கேட்டால் வேறு மாதிரி சொல்லும், அதுகளை நீ கேட்க வேண்டாம். நீ அந்த ஹாம்பர்க் குளிரில் காதுக்கு எதையாவது சுற்றிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் பங்களா பேச்சை எடுத்தாலே அடுப்பில் பால் இருக்கிறது என்று நீ வைத்துவிடுகிறாய், இரண்டு வருஷமாக உன் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், கன்னடமாக இருந்தால் சீக்கிரம் படிப்பாய், என்ன செய்ய, எனக்குக் கன்னடம் வாயில்தான் வரும், கையில் வராது. அவசரமில்லை, மெதுவாகப் படி.

தசராக் கூட்டம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியும் என் கால் வீக்கம் வடியவில்லை. குமுதவிலாஸ் பங்களாவைச் சுற்றிப் பார்க்க இந்த வருஷம் வந்த கூட்டம் போல் நான் பார்த்ததில்லை. செருப்பு ஸ்டாண்டில் குனிந்து எடுத்து, நிமிர்ந்து வைத்து, டோக்கன் கொடுத்து, டோக்கன் வாங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் அப்பா என்னைப் பார்த்து முகம் கழுவிக்கொண்டு வா, உன்மேல் ஊரே நடந்து போனது போல் இருக்கிறது என்கிறார். டிக்கெட் கவுண்டர் சுசித்ராவுக்கு இது ஆறாம் மாதம், அவளுக்கும் முடியவில்லை, அடிக்கடி அவள் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. ஜனவரி முப்பத்தொன்றோடு எனக்கு வேலை முடிகிறது. இருபத்திரண்டு வருஷம் ஊரார் செருப்பைக் காத்தேன், இனி என் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எங்காவது போனால் போதும் என்று இருக்கிறது.

ஜனவரியில் நீ வருகிறாய் என்றதும் எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ஆனால் உன்கூட வருகிற தோழிக்கு நீ பங்களாவைச் சுற்றிக் காட்டும்மா, நான் கேட்டுக்கு வெளியே காரிலேயே இருக்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செப்டம்பரில் ராம்ப் போட்டாகிவிட்டது, இனி நீ தாராளமாக உள்ளே வரலாம் என்று நான் போனில் குதித்தேன் அல்லவா, அது முழுப் பொய் இல்லை கண்ணு, அரைப் பொய். மீதியை உனக்குச் சொல்லாமல் உன்னை வரச்சொன்னால் நான் தாயாக இருக்க லாயக்கில்லை.

பின்பக்கம், பழைய சமையல்கட்டு வாசலில் சரிவாக ராம்ப் போட்டார்கள். திறப்பு விழாவுக்கு இரண்டு ஓரமும் சாமந்தித் தொட்டிகளை வரிசையாக அடுக்கி, நடுவில் கோலமும் போட்டு, ரிப்பன் வெட்டி, எல்லாரும் அதில் நடந்து ஏறினார்கள். தொட்டிகளை எடுக்க யாருக்கும் மனது வரவில்லை, அழகாக இருக்கிறதாம். நானும்தான் கண்ணு அழகு என்று சொன்னேன், கோலம் போட்டதே நான்தான். தொட்டி போக மிச்சம் இருந்த இடத்தில் ஒரு ஆள் நடக்கலாம், உன் சக்கர வண்டி போகாது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வாசலில் பலகையும் அப்படியே இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், மறந்திருக்க மாட்டாய், காலணி, குடை, சக்கர நாற்காலி ஆகியவற்றை இங்கே ஒப்படைக்கவும் என்று இருக்குமே. பூஜை அறை இருக்கிற வீடு, பழைய சிவப்புத் தரை, எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் வெறுங்காலோடுதான் வர வேண்டும், சக்கரம் ரோட்டில் உருண்டதுதானே, அதுவும் செருப்புக் கணக்குத்தான் என்று யாரோ எப்போதோ முடிவு செய்தார்கள். அந்தப் பலகையை இருபத்திரண்டு வருஷம் தினமும் நான் துடைத்திருக்கிறேன், ஒரு நாள் கூட முழுசாகப் படித்ததில்லை.

அக்டோபர் கடைசியில் மண்டியாவிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம், சொந்த வீல்சேர். தோட்டக்காரர்கள் தொட்டிகளை நகர்த்தி, இரண்டு பேர் பின்னால் தள்ளி மேலே ஏற்றிவிட்டார்கள். மனிதர் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். என் கை பழக்கத்தில் டோக்கனை எடுத்து நீட்டிவிட்டது. வண்டியை இங்கே விட்டுவிட்டு அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காருங்கள், ஆள் தூக்கிப்போய் ஹாலில் வைப்பார்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. கன்னடத்தில் மெதுவாக, சரியம்மா, உள்ளே எனக்கு ஒன்றுக்கு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அந்த நிமிஷம் ரூபா, நான் அவரைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன்.

நீ பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் உன் வகுப்போடு வந்த நாள். வேலை செய்கிற இடத்தில் சொந்தம் கொண்டாடக் கூடாது, அம்மா என்று கூப்பிடாதே, சூப்பர்வைசர் பக்கத்திலேயே இருப்பார் என்று முந்தின நாளே உனக்குப் புத்தி சொன்னவள் நான். நீயும் கூப்பிடவில்லை. உன்னைப் பிரம்பு நாற்காலிக்கு மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் உன் வண்டியைத் தள்ளி வந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது போல நாற்பத்தொன்றாம் டோக்கனை உன் கையில் கொடுத்தேன். உன் சிநேகிதிகள் மாடிக்குப் போனார்கள், தூக்கினவர்கள் சாப்பிடப் போனார்கள், நீ ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தாய். நான் நாற்பது அடி தள்ளி இருந்தேன். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாய், தோட்டத்தைப் பார்க்கிறாள், பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நீ நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெளியே வரும்போது சுடிதாரை நீயே துவைத்துப் பிழிந்து வைத்திருந்தாய். நான் அதை எடுத்துக் கொடியில் போட்டேன். எனக்குப் புரிந்தது கண்ணு. புரியாதது போல ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பதினோரு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குப் பங்களாவில் உன் சிநேகிதி வந்து வண்டியைக் கேட்டபோது டோக்கன் வாங்காமலே கொடுத்துவிட்டேன், நாற்பத்தொன்று உன்னிடமே தங்கிவிட்டது. தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுத்தேன். நீ ஜெர்மனிக்குப் பெட்டி கட்டும்போது உன் பேனா டப்பாவில் அது இருப்பதைப் பார்த்தேன், பார்த்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஸ்டாண்டில் அந்த நம்பர் அறை இன்றைக்கும் காலிதான், என் சாப்பாட்டு டப்பாவை அதில் வைத்துக்கொள்கிறேன்.

அந்த மண்டியாக்காரரிடம் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மேஜை துடைக்கிற துணியை நனைத்து அவர் சக்கரம் நாலையும் துடைத்து, போங்க சார் என்று விட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் மேனேஜர் நஞ்சுண்டசாமி கூப்பிட்டு அனுப்பினார். இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்த உனக்குப் போகிற நேரத்தில் என்ன வந்தது, எனக்கு மேலிருந்து கேட்டால் நான் என்ன சொல்லுவது என்றார். போன வருஷம் படம் பிடிக்க வந்தவர்கள் அதே ஹாலில் பூட்ஸ் காலோடு நடந்தார்கள், நீங்களேதான் அவர்களுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தீர்கள், இந்த மனிதர் சக்கரத்தை நான் என் கையால் துடைத்திருக்கிறேன் என்று சொன்னேன். எப்படி அவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை, களைத்துப் போனவர்களுக்குப் பயம் குறைந்துவிடும் போலிருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, மேலே இருப்பவர்களுக்கு நடுங்குகிறவர். நோட்டீஸ் கொடுத்தார், கையெழுத்துப் போட்டேன். ஆனால் மூன்று வாரம் கழித்து, சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வண்டியோடு அனுப்பலாம் என்று அவரே எழுதி வாங்கி வந்தார். புதுப் பலகை எழுத அனுமதி இல்லையாம், சக்கர நாற்காலி என்ற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார்கள். ஈரத்தில் அது ஒரு மூலையில் உரிந்து உரிந்து வருகிறது, காலையில் போனதும் விரலால் அழுத்திவிட்டுத்தான் என் முக்காலியில் உட்காருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பங்களா லீவு. நஞ்சுண்டசாமியிடம் கேட்டுக்கொண்டு நானும் உன் அப்பாவும் போனோம். வேன் கவிழ்ந்து நீ நடக்க முடியாமல் போனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே அந்த முதல் வண்டி, அதைப் பரணிலிருந்து இறக்கிக் காற்றடித்து எடுத்துப்போனோம். நான் அதில் உட்கார்ந்தேன். உன்னை வருஷக்கணக்காக அதில் வைத்துத் தள்ளினேன், ஒரு தடவை கூட அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை, நினைத்துப் பார். டிக்கெட் கவுண்டர் முன்னால் நிறுத்தினால் எனக்கு டிக்கெட் கொடுக்கிற பலகையின் அடிப்பக்கம்தான் தெரிகிறது, சுசித்ரா உள்ளே இருந்தாலும் அவள் வைத்த பூவைத்தான் பார்க்க முடியும். ராம்ப்பில் ஆறடி ஏறினேன், அப்புறம் வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் உருண்டது. உன் அப்பா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு முட்டுக் கொடுத்தார், இரண்டு பேரும் கனகாம்பரப் பாத்தியில் விழாதது மாதேஸ்வரன் புண்ணியம். அப்புறம் உன் அப்பாவுக்குள் இருக்கிற மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது, டேப்பைப் போட்டு அளந்தார். வாசல் உயரம் இரண்டரை அடி, அதற்கு முப்பதடி நீளம் ஓடவேண்டும், இவர்கள் பதினாலடியில் முடித்திருக்கிறார்கள், வாட்டம் பார்க்கத் தெரியாதவன் கையில் கரண்டி கொடுத்தது யார் என்று தோட்டத்து மரங்களையெல்லாம் கேட்டார். இடித்துத்தான் கட்ட வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறது ஆபீஸ். தொட்டிகளை மட்டும் அன்றைக்கே நாங்கள் இரண்டு பேரும் தூக்கிச் சுவர் ஓரம் வைத்துவிட்டோம்.

அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன், நீ முடிவு செய்துகொள். அந்தப் பதினாலடிக்கு உனக்குப் பின்னால் ஒரு கை வேண்டும், யாருடைய கை என்று நீதான் சொல்ல வேண்டும், நீ சொல்லாமல் யாரும் தொட மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ஏறிவிட்டால் ஹால், பூஜை அறை வாசல், நீள வராந்தா எல்லாம் நீயே போகலாம், தரை வழவழவென்று இருக்கிறது. மாடி முடியாது. தோட்டத்தில் ரோஜாப் பக்கம் சிமெண்ட் பாதை, நீரூற்று வரைக்கும் நன்றாகப் போகிறது, அதைத் தாண்டி சரளைக்கல், சக்கரம் புதைகிறது. சம்பங்கி மரம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, நீ தூரத்திலிருந்துதான் பார்க்கலாம், எனக்கு அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கக்கூஸ் கதவு இருபத்தாறு அங்குலம், வண்டியோடு நுழைந்து பார்த்ததில் என் விரல் முட்டியெல்லாம் உரிந்துவிட்டது. கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினால் இருபத்தெட்டு கிடைக்கும் என்கிறார் அப்பா. நஞ்சுண்டசாமி தலையைச் சொறிந்துவிட்டு அப்பாவிடம், சரி அய்யாசாமி, செவ்வாய்க்கிழமை வந்து யாருக்கும் தெரியாமல் மாட்டிவிடு என்று சொல்லிவிட்டார். இப்போது நீ ஓட்டுகிற வண்டியின் அகலம் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை, இத்தனை வருஷத்தில் கேட்கத் தோன்றவில்லை பார். சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரைக்கும், நீ கை வைத்துத் தள்ளுகிற வளையத்தையும் சேர்த்து அளந்து அனுப்பு. அப்பா தினமும் கேட்கிறார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே திரிகிறார்.

நான் செய்தது தப்பு ரூபா. சட்டம் அப்படி இருந்தது, வேலை போய்விடும் என்று பயந்தேன், அப்போது உன் அப்பாவுக்கும் கட்டட வேலை சரியாகக் கிடைக்கவில்லை, இதெல்லாம் உண்மைதான், ஆனாலும் தப்பு. நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன். அங்கே பனியில் தனியாக அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, குறைத்துக் குடிக்கிற பழக்கத்தை விடு, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மலை மாதேஸ்வரன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் கைக்கு என்றைக்கும் தெம்பு குறையாமல் இருக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கும் உன் தோழிக்கும்.

மறக்காதே, அளவு முதலில். இன்னொன்று, வேலை முடிகிற அன்று டோக்கன்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும். நாற்பத்தொன்று இல்லை என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது, ஆபீசுக்காக நீ அதைக் கொண்டுவர வேண்டாம். ஆனால் நீ உள்ளே வருவதாக முடிவு செய்தால், உனக்கு மனதும் வந்தால், போகிற போக்கில் அதை என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போ. பதிலுக்கு நான் உன்னிடமிருந்து எதையும் வாங்கி வைக்க மாட்டேன். யார் பக்கத்தில் நின்றாலும் சரி, இவள் என் மகள் என்று சொல்லிவிட்டுத்தான் உன் சக்கரத்தைத் துடைப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லக்கண்ணு