கூரைக்குள் இல்லாத கோளாறு

1 ஆகஸ்ட் 2012, புதன்
மூன்றாவது நாளாக நெட் நகரவில்லை. மெயில் ஒழுங்காகப் போகிறது. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் குரல் பதிவு மட்டும், ஒன்று இறங்க நாற்பது நிமிடம். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பே. நெட்டுக்குக் காவலாக இருந்த பழைய ஃபயர்வால் பெட்டியைத் தூக்கிவிட்டு, அதையே சர்வருக்குள் வெர்ச்சுவல் மெஷினாக, வெறும் மென்பொருளாக ஓட்டலாம் என்று அடம்பிடித்தது நான். மாரெட்பள்ளி ஆபீஸே என்னை முறைக்கிறது. முறைக்கட்டும்.

3 ஆகஸ்ட்
வெர்ச்சுவல் மெஷினுக்கு மெமரியைக் கூட்டினேன். ம்ஹூம்.

6 ஆகஸ்ட், திங்கள்
மீட்டிங். மேனேஜர் ஜகதீசன் சார், "உன் ஃபயர்வாலா, வேற எதாச்சுமா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா" என்றார். "கேபிளா இருக்கலாம் சார்" என்றேன். போன மாதம்தான் இர்பான் கேபிள் முழுவதையும் புதிதாக இழுத்திருந்தான். சோதித்துப் பார்த்தேனா? இல்லை. பிறகு ஏன் சொன்னேன்? பயம், வேறென்ன. இர்பான் ஒப்பந்த ஆள், இந்த மாதத்தோடு கெடு முடிகிறது. "கேபிள்தான் காரணம்னா அவனைத் தொடர வேண்டாம்" என்றார் சார். நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8 ஆகஸ்ட்
கேபிள் பேச்சு காதில் விழுந்து இர்பான் வந்தான். "ஹவ் அக்கா, ஆமா, என் கைதான் தப்பா இருக்கும். ஞாயித்துக்கிழம மொத்தமும் மறுபடி இழுத்துடுறேன்."
"நோன்பு மாசம்டா, வேண்டாம்."
"டென்ஷன் நக்கோ அக்கா, கவலப்படாதீங்க."

12 ஆகஸ்ட், ஞாயிறு
அவன் காலையிலிருந்து கேபிள் ஓடும் ஃபால்ஸ் சீலிங் பொய்க்கூரைக்குள் தவழ்ந்துகொண்டிருந்தான். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். கீழே நான் வெர்ச்சுவல் மெஷினின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நெட்வொர்க் கார்டு எந்த வகை? பழைய, மெதுவான வகை! உருவாக்கும்போது அது கேட்டிருக்கிறது, நான் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தியிருக்கிறேன். எட்டு வருட அனுபவமாம், வெட்கக்கேடு.

மெஷினை நிறுத்தி, கார்டை மாற்றி, மறுபடி ஓட விட்டேன். நாற்பது நிமிடம் இழுத்த பதிவு ஒரு நிமிடத்தில் இறங்கியது. வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மாலை நான்கு மணிக்குத்தான் அவன் கடைசிக் கேபிளைச் செருகினான். "அக்கா, இப்பப் பாருங்க!"
"சரியாயிடுச்சு" என்றேன். ச்சீ.

13 ஆகஸ்ட்
"கேபிள்தான்னு பத்மப்ரியா கரெக்டா சொன்னா" என்று எல்லார் முன்னாலும் சார் பாராட்டினார். இர்பானுக்கு 31ஆம் தேதியோடு சரியாம். அவன் என்னிடம் வந்து, "மாஃப் பண்ணுங்க அக்கா, என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்கிறான். என்னிடம்! பாத்ரூமில் போய் அழுதேன்.

14 ஆகஸ்ட்
மெயில் எழுதினேன், அழித்தேன். மூன்று தடவை.

16 ஆகஸ்ட்
அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும். "கேபிளில் குறையே இல்லை. கார்டு வகையைத் தவறாக வைத்தது நான்." எப்போது தெரிந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

17 ஆகஸ்ட்
சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இர்பான் இருக்கட்டும். ஃபயர்வாலை இனிமே உமாசங்கர் பாத்துக்கட்டும், பாஸ்வேர்டை அவன்கிட்ட குடுத்துடு." பக்கத்து மேஜைக்குப் போய்க் கொடுத்தேன்.

21 ஆகஸ்ட், செவ்வாய்
நேற்று ரம்ஜான். இர்பான் ஒரு தூக்கு நிறைய ஷீர் குருமா, சேமியாப் பாயசம், கொண்டுவந்து மேஜை மேஜையாக ஊற்றினான். என்னிடம் வந்து கரண்டியோடு நின்றான்.
"நான் மேல இருக்கும்போதே தெரியுமா அக்கா?"
பொய் சொல்ல ஒரு வினாடி கிடைத்தது.
"தெரியும். மத்தியானமே."
கரண்டியைத் தூக்குக்குள்ளேயே போட்டான். எனக்கு ஊற்றாமலே தூக்கை எடுத்துக்கொண்டு உமாசங்கர் மேஜைக்குப் போனான்.