பைக்கு ஒரு சீட்

அம்மாவுக்கு டர்பனிலிருந்து நோக்வாஸி வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

என் ரத்தத்திலிருந்து எடுத்து, எச்.ஐ.வி.யைக் கொல்லப் பழக்கிய டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு அணுக்களை, இன்று ஒரு பையில் திருப்பிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது, நம் வழக்கப்படி அவர் ஆவியை முள்மரக் கிளையில் வீட்டுக்கு அழைத்துவந்தாயே! டாக்சியில் கிளைக்கும் சீட் வாங்கி, "ஆறு தாண்டுறோம், பாத்து வாங்க" என்று வழியெல்லாம் பேசினாய். அந்த ஞாபகத்தில் நானும் பையைப் பார்த்து, "வாங்க, வீடு வந்தாச்சு" என்றேன்.

நம் வழக்கம் தெரிந்த நர்ஸ் தண்டேக்கா சிரித்தாள். "சீட்டுக்குக் காசு குடுத்தியாடி?"

இனி நான் தினமும் போடும் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்களாம். பயப்படாதே.

என் கம்பளித் தொப்பியை அனுப்பு. அப்புறம், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போன் பண்ணு. அது இத்தனை நாளும் மாத்திரை நேரம். மாத்திரை இல்லாவிட்டாலும் கை தானாகத் தண்ணீர் எடுத்துவிடும்.

உன் நோக்வாஸி